தையல் பிரித்த பிறகு

வயிற்றுப் புண் முற்றிவிட்டால் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவது 1950, 60-களில் வழக்கமான சிகிச்சை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இன்றுபோல் மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாகக் கிடைக்காத காலம் அது. புண் ஆறிவிடும், ஆள் மட்டும் இளைத்துப்போவார், பழைய எடைக்குத் திரும்புவது கடினம். இதைப் பக்கவிளைவு என்று குறித்துவைத்துவிட்டு மருத்துவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் மேசன் அந்த இடத்திலேயே நின்று யோசித்தார். புண்ணுக்காக வந்தவர் வேண்டாமலே இளைக்கிறார் என்றால், இளைக்கவே முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு இதையே செய்தால் என்ன? 1966-இல் சிகாஷி இட்டோ என்ற ஜப்பானிய மருத்துவரோடு சேர்ந்து, இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் தனியே பிரித்து அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்தார்; ‘பைபாஸ்’ எனப்படுவது இதுதான். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இன்று ‘பேரியாட்ரிக்’ என்ற பெயரில் விளம்பரப் பலகை ஏறியிருக்கும் சிகிச்சைகளுக்கு அதுதான் மூதாதை.

எடைக்குறைப்பு அறுவையின் தந்தை என்று மேசனை மருத்துவ உலகம் கொண்டாடுகிறது. அந்தப் பட்டத்தைவிட அவர் பிடிவாதமாக வைத்திருந்த கணக்கேடுதான் நமக்கு இப்போது தேவை.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அவருக்கு முன்பே, 1954-இல், மின்னசோட்டாவில் வேறொரு முறை வந்திருந்தது. சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டு, உணவைக் கிட்டத்தட்ட அதன் கடைசிப் பகுதிக்கே அனுப்பும் முறை அது. எடை மளமளவென்று இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துபோகும் ஆபத்து எல்லாம் வந்து சேர்ந்தன. ஏராளமானோருக்குச் செய்து முடித்த பிறகே அந்த முறை கைவிடப்பட்டது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. தராசு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தது. எடையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை.

ஆகவே மேசன் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். 1977-இல் இந்த அறுவையைச் செய்யும் மருத்துவர்களை அயோவாவில் ஒன்றுகூட்டினார். 1983-இல் அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவானபோது முதல் தலைவரானார். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே நோயாளிகளுக்கான பொதுப் பதிவேட்டையும் தொடங்கிவைத்தார். சுவையான விஷயம், இந்தக் கணக்கு அவரையே விட்டுவைக்கவில்லை. பைபாஸைவிட எளிது, பாதுகாப்பானது என்று கருதி 1980-இல் அவர் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்: இரைப்பையை நெடுக்காகப் பிரித்துத் தைத்து, அதன் வாயில் ஒரு பட்டை போடுவது. சில ஆண்டுகள் அது கொடிகட்டிப் பறந்தது. பிறகு நீண்டகாலக் கணக்குகள் வந்தன. சோறும் இறைச்சியும் அந்தப் பட்டையைத் தாண்டி இறங்கச் சிரமப்பட, நோயாளிகள் பலர் ஐஸ்கிரீமுக்கும் இனிப்புப் பானங்களுக்கும் மாறியிருந்தார்கள். அவை வழுக்கிக்கொண்டு இறங்கின. எடை திரும்ப ஏறியது. அந்த முறை வழக்கொழிந்தது. 1994-இல் கலிஃபோர்னியாவின் மருத்துவர்கள் விட்குரோவும் கிளார்க்கும் பைபாஸை லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்ததை அறிவித்தார்கள். மேசனே தள்ளிவைத்த பழைய அறுவை புது உருவில் திரும்பி வந்தது. 2020 டிசம்பரில், தன் நூறாவது வயதில் மேசன் மறைந்தார்.

பத்தாம் நாள் தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று நோயாளியின் குடும்பம் நினைக்கிறது. மருத்துவமனையும் பேக்கேஜ் கட்டணத்தை அந்த நாளோடு முடித்துக்கொள்கிறது. எடைக்குறைப்பு அறுவையைப் பொறுத்தவரை இது இரட்டைத் தவறு. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு நோயாளியைத் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த அறுவை நடக்கவே கூடாது. கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். முதல் பத்து நாள் போக மிச்சத்தில் என்னென்ன நடக்கிறது என்று பார்த்தால் இது குறைந்தபட்சக் கோரிக்கை என்பது புரியும்.

முதல் பத்து நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மருத்துவம் நன்றாகக் கற்றுக்கொண்ட பகுதி அது. அறுவை முடிந்த அன்று மாலையே நோயாளியை எழுப்பி வராந்தாவில் நடக்க வைப்பார்கள். ‘பச்சை உடம்பு, படுத்திருக்கட்டும்’ என்று பதறும் தாயாருக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் கனமான உடல் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வதும் நுரையீரல் சுருங்கிக் கிடக்காமல் இருக்கத்தான். டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்வைத்த இந்த விரைவு மீட்புச் சிந்தனை இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய அறுவைகளுக்கும் பரவிவிட்டது. இந்த நாட்களில் மருத்துவர் அதிகம் அஞ்சுவது ஸ்டேப்லர் போட்ட இடத்தில் கசிவு. கனத்த உடலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம்; பெரும்பாலும் நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். காய்ச்சல் இல்லை, வலியும் அதிகம் இல்லை, ஆனால் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி அப்படியே நிற்கிறது என்றால் அனுபவமுள்ள மருத்துவர் தூங்கப் போகமாட்டார். அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூவர். பெரிய அறுவை ஒன்றுக்கு இது குறைவுதான். அழகு நிலையத்துக்குப் போய்வருவதுபோல் விளம்பரம் செய்யும் அளவுக்குக் குறைவு அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை விரிகிறது. ஒன்று, ஒன்றரை லிட்டர் கொள்ளக்கூடிய இரைப்பை பைபாஸுக்குப் பின் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையாகிறது. ‘ஸ்லீவ்’ முறை என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற குழல் ஒன்று மிஞ்சுகிறது. முதலில் வடிகட்டிய நீராகாரம் மட்டும்: இளநீர், தெளிந்த ரசம், நீர்மோர், பருப்புத் தண்ணீர். அப்புறம் கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பிறகு குழைந்தது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். அதே சமயம் நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வறண்டுவிடும். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துப் பழகியவர்களுக்கு இதுவே பெரிய தண்டனை.

இதில் தமிழ்நாட்டுச் சமையலறை ஒரு தனிச் சிக்கலை வைக்கிறது. அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சேரவேண்டும் என்பது பொது விதி. ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு. இரண்டு இட்லியில் நாலைந்து கிராம் தேறினால் அதிகம். சென்னையிலிருந்து நடத்தப்படும் ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் ‘இந்தியாப்’ ஆய்வின்படி இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள். சோறும் இட்லியும் தோசையும் உப்புமாவும் நிறைந்த நாளில், கையளவு வயிற்றுக்குள் 60 கிராம் புரதத்தை எங்கே வைப்பது? சோற்றைக் கடைசிக்குத் தள்ளி, முட்டை, மீன், பயறு, பனீர், தயிர் ஆகியவற்றை முதலில் எடுக்கச் சொல்வார் டயட்டீஷியன். டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுக்கும் அச்சடித்த தாளில் இதெல்லாம் இருக்கும். வீட்டில் சமைப்பவரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசாத மருத்துவமனையில் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவோடு நின்றுவிடும்.

மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். எடை வேகமாக இறங்கும்போது இது பலருக்கும் நேர்வதுதான்; சத்துகள் சரியாகச் சேர்ந்தால் மெல்லத் திரும்பி வளரும். முன்கூட்டிச் சொல்லப்படாத பெண், சீப்பைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். பைபாஸ் செய்தவர் ஆசைக்கு ஒரு ஜாங்கிரி வாயில் போட்டால், சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் விழுந்து படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். பித்தப்பையில் கல் உருவாகலாம். இவற்றுக்கு நடுவே கல்யாண வீட்டுப் பந்தி. இலையில் நாலு வாய் எடுத்துவிட்டு எழுந்தால், “என்னம்மா இது, கோழி கொறிக்கிற மாதிரி?” என்று பெரியம்மா கேட்பார். “இப்படி இளைச்சுட்டியே, சுகர் வந்துருச்சா?” என்று மாமா சபையில் கேட்பார். குண்டாக இருந்தபோது வாயைக் கட்டச் சொன்னவர்களும் இவர்களேதான்.

ஆபத்து இன்னும் தள்ளி, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. உள்ளூர் மருத்துவர், பக்கத்து மெடிக்கல் ஷாப், பேறுகாலப் பரிசோதனை.

அறுவை செய்து இரண்டு மாதமான ஒருவருக்கு ஒரு வாரமாக வாந்தி என்று வைத்துக்கொள்வோம். பெருநகர மருத்துவமனை 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊர் கிளினிக்கில் உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்; நம் ஊரில் சோர்வுக்குக் கைகண்ட மருந்து அதுதான். ஆனால் வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, மூளை பாதிக்கப்படலாம். கண் அலைபாயும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும்; சிலருக்கு அந்த நினைவு திரும்புவதே இல்லை. தடுக்கத் தேவையானதோ மலிவான ஓர் ஊசி. இன்னொருவர் மூட்டுவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுகிறார். பைபாஸ் செய்த வயிற்றில் அது இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும்; ரத்தம் கசியும். எத்தனை கடைக்காரருக்கு இது தெரியும்? கையில் ஒரு சிறு அட்டை, ‘எனக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது, இவை கூடாது, இது முதலில் வேண்டும்’ என்று தமிழில் அச்சிட்டது, போதும். எல்லா மருத்துவமனைகளுக்கும் இதைக் கட்டாயமாக்குவதில் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறது மருத்துவம். நம் குடும்பங்களில் சில சமயம் கல்யாணத்துக்காகவே அறுவை நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமலும் நடக்கிறது. முதல் ஆண்டிலேயே ‘விசேஷம் உண்டா’ என்ற கேள்வி வந்துவிடும். இரும்புச் சத்தும் பி12-உம் ஃபோலிக் அமிலமும் குறைந்த உடலில் கரு தங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் பழைய அறுவை மறைக்கப்படுகிறது. இங்கே ரகசியத்துக்குக் குழந்தையும் விலை கொடுக்கிறது.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் இந்த அறுவை? நியாயமான கேள்வி. பதில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரத்திலிருந்து வந்தது. அங்கே வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர், பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, ரத்தச் சர்க்கரை இறங்குவதைப் பார்த்தார். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தேவைப்படாமல் போனது. 1995-இல் தன் முடிவுகளை வெளியிட்டபோது, இப்படி ஆகும் என்று யார்தான் நினைத்திருப்பார் என்ற வியப்பையே கட்டுரைத் தலைப்பில் வைத்தார். வகை 2 சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து அங்கேயே நின்றிருந்தது. உணவு குடலைத் தொடும் இடமும் வேகமும் மாறும்போது ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. பசியும் இன்சுலினும் வேறு கணக்கில் ஓடத் தொடங்குகின்றன. வெறும் கொள்ளளவுக் குறைப்பு என்று நினைத்தது உடலின் கட்டளை அமைப்பையே மாற்றுவது தெரிந்தது. 2016-இல் 45 மருத்துவ அமைப்புகளின் ஆதரவோடு வந்த வழிகாட்டுதல், இதைச் சர்க்கரை நோய்க்கான சிகிச்சைகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது.

அந்த 1995 கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஓர் எண் இருக்கிறது. 14 ஆண்டுகளில் அறுவை செய்துகொண்ட 608 பேரில், தொடர்பு அறுந்துபோனவர்கள் வெறும் 17 பேர். மற்ற எல்லோரும் எங்கே இருக்கிறார்கள், எடை என்ன, சர்க்கரை என்ன என்று போரீஸின் குழுவுக்குத் தெரிந்திருந்தது. செல்போன் கைக்கு வராத காலத்து வேலை இது. சர்க்கரை குறைந்ததைவிட இந்த 17-தான் பெரிய சாதனை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அது இல்லாமல் முதலாவதை நம்ப வழியே இல்லை.

வாயைக் கட்டினால் போதாதா என்பது பலரின் அடுத்த கேள்வி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு பரிசோதித்து 2016-இல் எழுதியது. குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிட வருத்தமானது, அவர்களது உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. உடல் பஞ்சத்தை மறக்கவில்லை. எனவே குண்டான மனிதரைப் பார்த்து மனக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்துவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது. பாஸ்டன் அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே, பயிற்சிக் காலத்தில் தான் உதவிய ஒரு பைபாஸ் நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை 2002-இல் வந்த அவரது முதல் நூலில் இருக்கிறது. அந்த நோயாளி சாலை போடும் ஒப்பந்தக்காரர், 180 கிலோவுக்கு மேல் எடை. அறுவை அரங்கோடு நிறுத்தாமல், அந்த மனிதர் பிழைப்புக்குத் திரும்பும் மாதங்களையும் கவாண்டே கூடவே சென்று பார்க்கிறார். சாப்பாட்டின் பிடி தளர்ந்தது தன் மன உறுதியாலா, கத்தியாலா என்ற குழப்பம் அதில் கடைசிவரை தீர்வதில்லை. அதுதான் அந்த எழுத்தின் நேர்மை.

அந்தக் குழப்பம் சிலரைக் கவிழ்க்கவும் செய்யும். அமெரிக்காவின் யூட்டாவில், பைபாஸ் செய்த 7,925 பேரை அதே எண்ணிக்கையிலான மற்ற பருமனானவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வந்தது. அறுவை செய்தவர்களிடம் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைவு. சர்க்கரை நோயால் இறப்பது 92 சதவீதம் குறைவு. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் இறப்பது 58 சதவீதம் அதிகம். இன்னோர் ஆய்வில், பைபாஸுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கச் சிக்கல் கூடியது தெரிந்தது. மாற்றியமைத்த குடலில் மது சீக்கிரமாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. டாஸ்மாக் தெருவுக்குத் தெரு இருக்கும் மாநிலத்தில் இந்தத் தகவல் அறுவைக்கு முன்பே நோயாளிக்கும் மனைவிக்கும் சொல்லப்பட வேண்டும். மனநல ஆலோசகர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்துவிடுவது போதாது. முதல் மூன்று ஆண்டுக்காவது அவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

நீண்டகாலக் கணக்குக்கு ஸ்வீடன்தான் உதாரணம். 1987-இல் தொடங்கிய ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரும் செய்யாத 2,037 பேரும் சேர்க்கப்பட்டார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதத்தில் நின்றது. மேசனின் பட்டை முறையில் 25 சதவீத இழப்பு 16-ஆகச் சுருங்கியது. 2020-இல் வெளியான தொடர் முடிவு இன்னும் வெளிப்படையானது: அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள், ஆனால் பொதுமக்களைவிட ஐந்தரை ஆண்டு குறைவாக. விளம்பரப் பலகைகளில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்கள்தான் இருக்கின்றன. மூன்றாவது படம், பத்தாம் ஆண்டில் எடுத்தது, எங்கே?

தமிழ்நாட்டுக்கு இது அந்நிய விவாதம் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அதுவும் பி.எம்.ஐ. 25 என்ற அளவுகோலில். நம் உடல்வாகுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்கிறார்கள் இந்திய வல்லுநர்கள். 2004-இல் ‘லான்செட்’ இதழில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆசியர்களுக்கு 27.5 பி.எம்.ஐ.-இலேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று புதிய வழிகாட்டுதல்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அதே வரி, வாசலில் வருகிறவர் எவரையும் மேசையில் ஏற்ற நினைக்கும் இடத்துக்கு வசதியான சாக்காகவும் ஆகிவிடும். 2024-இல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரித்தது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. சில நாள் பேசினோம். இறந்தவர் செய்தியாகிறார்; ஐந்தாம் ஆண்டில் ரத்தசோகையோடு எங்கோ ஒரு ஊரில் சோர்ந்து கிடப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பணமும் இதே கோணலில்தான் ஓடுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகள், பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டாலோ, 35-ஐத் தொட்டுக் கடுமையான துணைநோய்கள் இருந்தாலோ அறுவைக்கு இடம் தருகின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் அதன் பிறகு ஆயுள் முழுக்கப் போடவேண்டிய வைட்டமின், இரும்பு, கால்சியம், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் சொந்தப் பையிலிருந்துதான். ஆபரேஷனுக்கு நகையை அடகு வைத்த குடும்பம், மூன்றாம் ஆண்டில் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். அறுவையோடு ஐந்தாண்டுத் தொடர் கவனிப்பையும் ஒரே சிகிச்சையாகக் கணக்கிட்டுக் காப்பீடு பணம் தரவேண்டும். கடைசித் தவணை ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை முடிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அப்போது நோயாளியைத் தேடிக்கொண்டு அவர்களே தொலைபேசியில் அழைப்பார்கள்.

அரசிடம் இதற்கான கால்கள் ஏற்கனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்குப் போகின்றன. அந்தப் பணியாளரின் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: வயிற்றில் எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறதா? ஆம் என்றால் பி12, இரும்பு, கடைசிப் பரிசோதனை எப்போது? அறுவை செய்யும் தனியார், அரசு மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே மாநிலப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து எத்தனை பேரோடு தொடர்பு இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பயனுள்ள எண் வேறு இல்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எடைக்குறைப்புக்கான செமக்ளூடைடு ஊசி அதே ஆண்டு ஜூனில். பைபாஸ் குடலில் இயற்கையாகப் பெருகும் அதே ஜி.எல்.பி-1 ஹார்மோனின் வேலையைத்தான் இவை வெளியிலிருந்து செய்கின்றன. 2021-இல் வந்த செமக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆனதும் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இந்தியாவில் செமக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான ஊசிகளுக்கு வழி திறக்கிறது. ஏழைகளுக்கும் எட்டும் என்பதால் வரவேற்க வேண்டியதுதான். கத்தி எடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் அரங்கமும் வேண்டும்; ஊசிக்கு ஒரு சீட்டு போதும், சில இடங்களில் சீட்டுகூட வேண்டியிருக்காது. கொழுப்போடு தசையும் கரைகிறதா, நிறுத்தியவர் என்ன ஆனார், பித்தப்பை எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லாமலே லட்சக்கணக்கானோர் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறார்கள். பதிவேட்டைத் தொடங்குவதென்றால் இரண்டுக்கும் சேர்த்து, இந்த ஆண்டிலேயே தொடங்கிவிடுவது சுகாதாரத் துறைக்கு எளிது. இப்போது முடியும் வேலை, நாள் தள்ளத் தள்ளக் கைக்கு அடங்காமல் போகும்.